இரண்டாவது வரி

போன வாரம் சின்னவளை நாம் விட்ட இடம் பஸ் நிறுத்தம். கழுத்தில் பிளாஸ்திரியோடு, கூட்டத்தில் யாரும் இடித்துவிடாதபடி கையை முன்னால் மடக்கிக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்துக் கட்டியில் ஊசி போட்டுப் பரிசோதனைக்குத் திசு எடுத்தபோது நர்ஸ், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டதற்கு, "யாரும் வரல, நான் இங்கேயே வேலை பாக்கிறவதான்" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

"ஏன் இப்படி வாயை மூடிக்கொண்டு கிடக்கிறாள்? ஒருத்தரிடமாவது சொல்லித் தொலைத்தால் என்ன?" என்று வாசகர்கள் சிலர் என்னைத் திட்டி எழுதியிருக்கிறீர்கள். என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவள் யாரிடம் சொல்வாள்? கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கடல் தாண்டி, கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடி லேபில்தான் வேலை. பேச்சு மட்டும் இல்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய அப்பா அந்த ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் அடித்தளத்தில் சர்வர் அறையில் இருந்தாள். ஆஸ்பத்திரியின் மொத்த டேட்டாபேஸும் அன்றைக்கென்று பார்த்துப் படுத்துவிட்டது. அதைக் கட்டிக் காப்பதுதான் அவள் உத்தியோகம். கீழே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு சின்னவள் மேலே ஏறி வந்தபோது அப்பாவின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

"உனக்கு அந்த ரூம்தானே வீடு? அங்கேயே இரு" என்றாள் அக்கா.

சின்னவள் சின்ன வயசிலிருந்தே அக்கா சொல் தட்டாதவள். அங்கேயே இருந்துவிட்டாள்.

இனி இந்த வாரத்துக்கு வருவோம்.

---

சர்வர் அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. உள்ளே எப்போதும் ஒரே குளிர், ஒரே இரைச்சல். சின்னவள் வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பாள். மேஜை ஓரத்தில் ஒரு இன்டர்காம் இருக்கிறது. அப்பா போன கையோடு அவளே கேட்டு, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கி வைத்தது. லேபில் கணினி ஏதாவது மக்கர் பண்ணினால் வேறு யாராவது அதில் கூப்பிடுவார்கள். அக்கா ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை வெளியிலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. ஆஸ்பத்திரி நோயாளிகளின் ரகசியத்தை ஒழுங்காகக் காப்பாற்றுகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். அதற்காக இன்று சாயங்காலத்துக்குள் அவள் முடித்தாக வேண்டிய வேலைக்கு ஆடிட் லாக் என்று பேர். விஷயம் ரொம்ப எளிது. எந்த நோயாளியின் ஃபைலை, எந்த லாகினிலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று டேட்டாபேஸ் தானே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. வரவேற்பில் இருந்த பெண் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியின் ஃபைலைத் திறந்து பார்த்து, பார்த்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். போன மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து விதி கறார். வேலை நிமித்தமில்லாமல் யாருடைய ஃபைலைத் திறந்தாலும், சொந்தக்காரர் ஃபைலாகவே இருந்தாலும், வேலைக்கு வேட்டு.

"அந்த லாக்கை யாராச்சும் அழிச்சுட்டா?" என்று மீட்டிங்கில் கேட்டார் பாதுகாப்பு அதிகாரி. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொசுவலை என்று பேர். எதையும் உள்ளே விடமாட்டார்.

"முடியாது சார். எழுதின உடனே உங்க ரூம்ல இருக்கிற மெஷினுக்குப் போயிடும். அங்க சேர்க்கத்தான் முடியும், எடுக்க முடியாது. நான் தலைகீழா நின்னாலும் ஒரு எழுத்தைக்கூட அழிக்க முடியாது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைப் பூட்டு என்று கூப்பிடுவதில் தப்பே இல்லை என்று கொசுவலை நினைத்துக்கொண்டார்.

ஆனால் எல்லா ஃபைலுக்கும் ஒரே நேரத்தில் லாக்கைப் போட்டால் டேட்டாபேஸ் மூச்சுத் திணறும். மேலே டாக்டர்கள் கத்துவார்கள். முதலில் ஒரே ஒரு ஃபைலுக்குப் போட்டு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். யாருடைய ஃபைல்? அடுத்தவர் ஃபைலைச் சோதனைக்கென்று திறப்பது அவளுக்குப் பிடிக்காது. தன் நோயாளி எண்ணையே போட்டாள். ஃபைலின் முதல் பக்கத்தைத் திறந்தாள், மூடினாள். ரிசல்ட் என்ற பக்கத்துக்குப் போகவில்லை. ஊசிப் பரிசோதனையின் முடிவு இன்று வர வேண்டும். வந்திருக்கிறதா என்று பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

ஒருதடவை திறந்தாள். லாக்கில் ஒரு வரி வர வேண்டும்.

இரண்டு வரி வந்திருந்தது.

முதல் வரி அவளுடைய லாகின். இரண்டாவது வரியில் 'லேப்' என்று இருந்தது.

சின்னவள் உச்சுக்கொட்டினாள். லேபில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே லாகின். காலையில் ஒருத்தர் திறந்துவிட்டால் சாயங்காலம் வரை எல்லாக் கணினியிலும் அது திறந்தே கிடக்கும். ஆளுக்கொரு லாகின் வேண்டும் என்று அவள் தொண்டை வறள நாலு மீட்டிங்கில் சொல்லியாயிற்று. அதுவும் திங்கட்கிழமையிலிருந்துதான் வருகிறது.

லேப் சாஃப்ட்வேர் எதையோ தானாகத் திறந்து மூடுகிறது என்று நினைத்துக்கொண்டாள். "உன்னை வேற நான் சரி பண்ணணுமா?" என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டாள். தனியாக வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும்.

---

குளிர்சாதன மெக்கானிக் கதவைத் தட்டினார். அந்தக் கதவு வெளியிலிருந்து அவள் கார்டுக்கு மட்டும்தான் திறக்கும். 'கதவைத் திறந்து வைக்காதீர்கள்' என்று அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள். மீறித் திறந்து வைத்தால் மணி அடித்து ஊரைக் கூட்டும்.

"என்ன மச்சினி, உயிரோட இருக்கியா, உறைஞ்சுட்டியா?"

"வாங்க அத்தான்."

அக்காவின் வீட்டுக்காரர். இந்தச் சண்டையில் அவர் எந்தக் கட்சியும் இல்லை. மாதத்துக்கு ஒருதடவை மெஷினைப் பார்க்கிற சாக்கில் வந்து, அக்கா வீட்டுச் சேதியை இங்கே கொட்டிவிட்டுப் போவார். இங்கிருந்து எதையும் அங்கே கொண்டுபோக அவருக்கு அனுமதி இல்லை. பேரை எடுத்தாலே அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாளாம்.

"கழுத்துல என்ன?"

"கொசு கடிச்சுது."

"பிளாஸ்திரி போடற அளவுக்கா? அது கொசுவா, கழுகா?" என்றவர் ஏணியில் ஏறினார். நல்லவேளை, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உங்க அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு. மூணு நாளா சரியா சாப்பிடல. காலையில என்னன்னு கேட்டா, லேப்ல ஒரு ரிசல்ட் வரணும்கிறா. லேப்ல ரிசல்ட் வராம பின்ன பஸ்ஸா வரும்? வருஷக்கணக்கா அதே வேலை, இப்ப புதுசா என்ன பதற்றம்?"

சின்னவள் பாதிதான் கேட்டாள். அத்தான் பேசப் பேச அவள் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லாக்கில் இன்னொரு 'லேப்' வரி வந்திருந்தது.

"இது என்ன எழவு, மறுபடியும்!"

"என்னது?"

"ஒண்ணுமில்ல அத்தான். ஒரு கோளாறு. வர வேண்டாத வரி வருது."

"தட்டிப் பாரு. நான் அப்படித்தான் சரி பண்றேன்" என்று மெஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கினார். அது நிஜமாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டது.

---

மதியம் வரை அவள் அந்தக் கோளாறோடு மல்லுக்கு நின்றாள். லாக் எழுதுகிற அமைப்பை அழித்துத் திரும்பப் போட்டாள். சோதனைக்கென்றே வைத்திருக்கிற பொய்யான நோயாளி ஒருவரின் எண்ணையும் லாக்கில் சேர்த்துப் பார்த்தாள். அவர் ஃபைலுக்கு ஒழுங்காக ஒரே வரி வந்தது. இவள் ஃபைலுக்கு மட்டும் அந்த 'லேப்' மறுபடியும் வந்து உட்கார்ந்தது.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வாய் சாப்பிட்டு மூடினாள். சரி, ஃபில்டர் போட்டுவிடலாம் என்று தோன்றியது. 'லேப் லாகினிலிருந்து வருவதை எழுதாதே' என்று ஒரே ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. தானாக ஓடுகிற புரோகிராமை லாக்கிலிருந்து ஒதுக்குவது எல்லோரும் செய்கிற காரியம்தான்.

எழுதியும்விட்டாள். என்டர் தட்டப்போனபோது அந்த வரிகள் வந்த நேரங்களைப் பார்த்தாள்.

தானாக ஓடுவது என்றால் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. காலையில் விட்டு விட்டு வந்தது. மதியம் நெருங்க நெருங்க நெருக்கமாக வந்தது. சாப்பாட்டு நேரத்தில் அடுத்தடுத்து வந்திருந்தது. மெஷினுக்கு எதற்குப் பதற்றம்?

ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டு, லாக்கில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தாள். எந்தக் கணினியிலிருந்து திறந்தார்கள் என்ற கட்டம். எப்படியும் திங்கட்கிழமைக்குத் தேவைப்படுவதுதான். சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் காக்க வேண்டியிருக்கவில்லை.

'லேப்-ஜன்னல்' என்று வந்தது.

ஆஸ்பத்திரிக் கணினிகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் பேர் வைத்தவள் இவள்தான். லேப்-வாசல், லேப்-குளிர்பெட்டி, லேப்-ஜன்னல். ஜன்னல் ஓரத்து மேஜையை அடம்பிடித்து வாங்கியவள் யார் என்று அவளுக்குத் தெரியும். அடைத்த அறையில் அக்காவுக்கு மூச்சு முட்டும். சின்ன வயசில் ஒரே படுக்கையில் படுக்கும்போதுகூட ஜன்னல் பக்கத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

அத்தான் ஏணி மேலிருந்து சொன்னது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

---

மூன்றாவது மாடிக்கு அவள் போய் வெகுகாலம் ஆகிறது. லேபில் கணினி படுத்தால் உதவியாளரைத்தான் அனுப்புவாள். இன்று லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினாள். எதற்குப் போகிறாள் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

லேப் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியே பார்த்தாள்.

அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முடி நன்றாக வெளுத்திருந்தது. சாயம் பூசுவதை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. மேஜையில் ரத்தக் குழாய்கள் வரிசையாக நின்றன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கை மவுஸின் மேல், ஒரு கை தன் கழுத்தில். சின்னவளுக்குக் கட்டி இருந்த அதே இடத்தில்.

சின்னவளுக்குக் கண் எரிந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை.

கதவு திறந்து ஒரு டெக்னீஷியன் பெண் வெளியே வந்தாள்.

"மேடம், லாகின் மாத்தவா வந்தீங்க?"

"சும்மா... பாத்துட்டுப் போகலாம்னு."

"மத்த சிஸ்டம் எல்லாம் பண்ணுங்க. ஜன்னல் சிஸ்டத்தை மட்டும் இன்னைக்கு விட்டுடுங்க. அக்கா பக்கத்துலயே விட மாட்டேங்கறாங்க" என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். இவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. "நான் சேர்ந்த நாள்ல இருந்து பாக்கறேன், காலையில வந்ததும் முதல் வேலையா ஏதோ ஒரு ஃபைலைத் திறந்து பாப்பாங்க. பாத்துட்டு, ம், நல்லா இருக்கான்னு சொல்லிட்டுத்தான் டீ குடிப்பாங்க. இன்னைக்கு டீயே குடிக்கல."

"யாரு ஃபைல்னு கேக்கலையா?"

"கேட்டேன். வீட்டுல ஒருத்தியோடதுன்னாங்க."

சின்னவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை, ஒருதடவை வந்த காய்ச்சல், போன வருஷம் ஏறிய சர்க்கரை, எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு, தான் செத்தால் யாருக்கு எப்போது தெரியும் என்று கணக்குப் போட்டபடி படுத்திருக்கிறாள். அத்தனை நாளும் மூன்றாவது மாடியில் ஒருத்தி, இவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் டீ குடித்திருக்கிறாள்.

அதை இவள் காலையிலிருந்து கோளாறு என்று நினைத்துச் சரிசெய்யப் பார்த்தாள்.

---

கீழே வந்து உட்கார்ந்தபோது ஸ்கிரீனில் அந்த ஃபில்டர் வரி அப்படியே இருந்தது. என்டர் மட்டும்தான் தட்டவில்லை.

இப்போது அதற்கு வேறு அர்த்தம். தட்டினால் லேப் லாகினிலிருந்து வருவது எதுவும் லாக்கில் ஏறாது. திங்கட்கிழமை ஆளுக்கொரு லாகின் வந்த பிறகும், ஒரு சின்னத் திருத்தம் செய்தால் அக்காவின் பேரை மட்டும் லாக் கண்டுகொள்ளாது. கொசுவலைக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அக்கா தினமும் காலையில் பார்த்துக்கொண்டிருக்கலாம், டீ குடிக்கலாம், ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம்தான், வேலைக்கும் ஆபத்து வராது.

ஆனால் காலையிலிருந்து எழுதிய வரிகள்? அவை கொசுவலையின் மெஷினுக்குப் போய்விட்டன. தலைகீழாக நின்றாலும் ஒரு எழுத்தை அழிக்க முடியாது என்று மார்தட்டியது யார்?

ஃபில்டரை அழித்தாள். ஓட்டையோடு பூட்டுப் போட அவளுக்குக் கை வராது. அது அவளுடைய குணம், அதை என்னாலும் மாற்ற முடியாது.

பிறகு சும்மா லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு வரி வந்தது. அந்தத் தடவை 'ரிசல்ட் பக்கம்' என்றும் சேர்ந்து வந்தது; ரிசல்ட் ஏறினால்தான் அந்தப் பக்கம் திறக்கும். அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். வரவில்லை. காலையிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது, சுத்தமாக நின்றுபோயிற்று.

அக்கா இனித் தேடப் போவதில்லை. தேடியது கிடைத்துவிட்டது. ரிசல்ட் வந்துவிட்டது.

தன் ஃபைல் எதிரே திறந்துதான் கிடந்தது. ஒரு சொடுக்கு. அவள் மவுஸைத் தொடவில்லை. மூன்றாவது மாடியில் தெரிந்த ஒரு விஷயம் அடித்தளத்தில் தெரியாமல் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

---

சாயங்காலம் கொசுவலை வந்தார். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, கிளம்புகிற அவசரம்.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

குனிந்து பார்த்தார். "இது உங்க லாகின். சரி. இந்த லேப் யாரு? ஒரே ஃபைலை இத்தனை தடவை?" அவரே பதிலையும் சொன்னார். "டெஸ்ட் பண்ண நீங்களே மேல போய்த் திறந்தீங்களா? ஆமான்னா சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அக்கா இன்றைக்குத் தப்பிப்பாள். சண்டை அப்படியே இருக்கும். அவள் மேலே, இவள் கீழே. ஆனால் திங்கட்கிழமை காலையில் அக்கா தன் சொந்த லாகினில், சொந்தப் பேரில், முதல் வேலையாக அதே ஃபைலைத் திறப்பாள். அப்போது யார் காப்பாற்றுவார்கள்?

"இல்ல சார். அது என் அக்கா."

"வேலை விஷயமாவா?"

"இல்ல. அவங்க லேப்ல ரத்தம் பாக்கிற செக்‌ஷன். இந்த டெஸ்டுக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இல்ல."

கொசுவலை பையை இறக்கி வைத்தார். "பூட்டு, தெரிஞ்சுதான் பேசறீங்களா? போன மாசம்தான் ஒரு பொண்ணை அனுப்பினோம்."

"தெரியும் சார்."

"யாரு ஃபைல் இது?"

"என்னோடது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ புகார் கொடுக்க வேண்டிய ஆளே நீங்கதான்."

"ஆமா."

"கொடுக்கறீங்களா?"

"நாலு வருஷமா மனசுக்குள்ள கொடுத்துட்டேதான் இருந்தேன் சார். அவளும் கொடுத்துட்டுதான் இருந்திருப்பா. போதும்."

கொசுவலைக்கு வீட்டில் இரண்டு தம்பிகள், ஒருவரோடும் பேச்சு இல்லை. அதை அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோயாளியே அனுமதி கொடுத்த சொந்தக்காரங்க பாக்கலாம்னு ஒரு விதிவிலக்கு இருக்கு. இனிமே அதுல போட்டுக்கங்க. ஆனா இன்னைக்குப் பாத்தது பாத்ததுதான். கமிட்டி முன்னால ரெண்டு பேரும் சேர்ந்து வந்து நிக்கணும். நீங்க மட்டும் வந்தா செல்லாது. அவங்க வரலைன்னா, அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

"சரி சார்."

"காரணம்னு ஒரு கட்டம் வச்சிருக்கீங்கள்ல? அதுல எழுதுங்க."

அவள் எழுதினாள். 'பார்த்தவர் நோயாளியின் அக்கா. தங்கைக்கு ரிசல்ட் வந்துவிட்டதா என்று பார்த்தார். நோயாளிக்கு ஆட்சேபம் இல்லை.'

கொசுவலை படித்தார். "ஆட்சேபம் இல்லைன்னா போதுமே. அக்கா, தங்கச்சியெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும் சார். அழியாதுல்ல?"

அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார்.

---

இன்டர்காமில் லேப் எண் அவளுக்கு மனப்பாடம். நாலு வருஷத்தில் ஒருதடவைகூட அழுத்தாத எண்.

அழுத்தினாள். ஒரு மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். லேபில் யார் எடுத்தாலும் "லேப்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. கூப்பிடுவது சர்வர் ரூம் என்று அந்தப் பக்கம் எழுதிக் காட்டியிருக்கும்.

"அக்கா."

சின்னவளே தொடர்ந்தாள்.

"நீ என் ஃபைலைப் பாக்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"பூட்டுன்னு சும்மாவா பேரு வச்சாங்க" என்றாள் அக்கா. "வேலையை விட்டுத் தூக்குவாங்களா? தூக்கட்டும்."

"தூக்க மாட்டாங்க. கமிட்டி முன்னால ஒரு நாள் வந்து நிக்கணும். என்கூட."

"உன்கூடவா?"

"என்கூடத்தான்."

அக்கா போனை வைக்கவில்லை.

"என்கிட்ட வந்து எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா?"

"கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்ப. நீ எப்ப உண்மையைச் சொல்லியிருக்க? லேப் பொய் சொல்லாது."

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எது வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரிசல்ட்டை நீ பாத்தியா?" என்று கேட்டாள் அக்கா.

"இல்ல. நீ பாத்துட்ட."

"ம்."

"சொல்லு."

"போன்ல சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"அன்னைக்கு அப்பாவைப் பத்திச் சொல்லத்தான் உன்னைப் போன்ல அத்தனை தடவை கூப்பிட்டேன். என் வாயால உனக்கு எதையும் இனிமே போன்ல சொல்ல மாட்டேன்."

"நல்லதா, கெட்டதா, அதை மட்டுமாவது..."

"அங்கேயே இரு" என்றாள் அக்கா.

அதே குரல். மேல்மாடியில், அப்பாவின் மூடிய முகத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அதே இரண்டு வார்த்தை. சின்னவள் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கேயே இரு. நான் வர்றேன்."

போன் வைக்கப்பட்டது.

சின்னவள் எழுந்தாள். அக்காவின் கார்டுக்கு அந்தக் கதவு திறக்காது. அடைத்த அறை என்றால் அவளுக்கு ஆகவும் ஆகாது. உள்ளிருந்து கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி காலை முட்டுக்கொடுத்து நின்றாள். குளிரெல்லாம் வராந்தாவுக்குப் போயிற்று. அத்தான் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மேலே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தமா, தயங்கித் தயங்கி வருகிற சத்தமா என்று காதைத் தீட்டினாள். பிடிபடவில்லை.

கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கிறது என்று மணி அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று அவள் காலை எடுக்காமல் நின்றாள்.